நாய்க்குத் தமிழ் வாசித்துக் காட்ட எங்கள் பிள்ளைகளை விடுங்கள்

ரொறன்ரோ பெரும்பாகத்துத் தமிழ்ப் பள்ளிகளின் நிர்வாகிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் பெற்றோர் சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களே,

வணக்கம். ஸ்காபரோவில் இயங்கும் ஒரு வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் என் மகள் மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். அதே பள்ளியில் ஆறு ஆண்டுகளாகச் சனிக்கிழமைக் காலைகளில் பிள்ளைகளின் வாசிப்புக்கு உதவும் தொண்டராக நானும் இருந்து வருகிறேன். நான் ஆசிரியப் பயிற்சி பெற்றவன் அல்லன். பிள்ளைக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டு, அது தடுமாறும் சொல்லை விரலால் காட்டிக் கொடுப்பவன், அவ்வளவுதான். அந்தக் கதிரையில் இருந்து நான் பார்த்துவரும் ஒரு குறையையும், அதற்கு என் கண்முன்னே பலன் தந்த ஒரு வழியையும் உங்களிடம் சொல்லி, ஒரு வேண்டுகோளை வைக்கவே இம்மடலை எழுதுகிறேன். ஒன்ராறியோவின் பல பொது நூலகங்களில், பயிற்சியும் சோதனையும் பெற்ற நாய்களுக்குப் பிள்ளைகள் புத்தகம் வாசித்துக் காட்டும் நேரம் நடைபெறுகிறது. அந்த நேரத்துக்கு எங்கள் பிள்ளைகளைத் தமிழ்ப் புத்தகத்தோடு அனுப்புங்கள். இயலுமானால் வரும் தவணையிலேயே உங்கள் பள்ளிக்கும் அத்தகைய நாய் ஒன்றை வரவழையுங்கள்.

இதைப் படித்ததும் சிலருக்கு மனம் சுருங்கும் என்பதை அறிவேன். கடல் கடந்து வந்து, வாடகை மண்டபங்களிலும் பள்ளிக்கூட நிலக்கீழ் அறைகளிலும் கரும்பலகை வைத்துக் காப்பாற்றிய மொழியை ஒரு நாயின் முன்னால் கொண்டுபோய் வைப்பதா என்று என்னிடம் ஒரு பெரியவர் நேரிலேயே கேட்டார். அவர் இந்த நகரத்தில் தமிழ் வகுப்பு நடத்திய முதல் தலைமுறையைச் சேர்ந்தவர். அவருடைய கேள்வியில் இருந்த வருத்தத்தை நான் மதிக்கிறேன். அவருக்கு அன்று நின்ற நிலையில் சொல்ல முடியாமல் போன பதிலையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன்.

முதலில் இந்த நாய்கள் எப்படிப்பட்டவை என்று சொல்லிவிட வேண்டும். பார்வையற்றவருக்கு வழிகாட்டும் நாய் வேறு. அது ஒருவருக்கென்றே பழக்கப்பட்டது, வேலை நேரத்தில் மற்றவர்கள் அதைத் தொடக்கூடாது. 'தெரப்பி நாய்' என்று இங்கே சொல்லப்படுவது, ஒரு வீட்டில் செல்லமாக வளர்ந்து, இயல்பிலேயே சாந்தமாக, அந்நியர் தடவினாலும் பக்கத்தில் எதுவும் தடாலென்று விழுந்தாலும் கலங்காமல் படுத்திருக்கக்கூடிய நாய். அதை வளர்ப்பவர் தொண்டராகப் பதிந்து, நாயும் அவருமாகச் சேர்ந்து சோதிக்கப்பட்ட பின்னரே முதியோர் இல்லங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் போக அனுமதி கிடைக்கிறது. பிள்ளைகளோடு பழகுவதற்கு அதற்கு மேலும் ஒரு தனிச் சோதனை உண்டு. செயின்ட் ஜோன் அம்புலன்ஸ் அமைப்பு இந்தத் தொண்டை 1992இல் எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தின் பீற்றர்பரோ நகரத்திலேயே தொடங்கியது. பிள்ளைகளுக்கான அவர்களுடைய வாசிப்பு நேரத்துக்கு 'போஸ் ஃபோர் ஸ்டோரீஸ்' என்று பெயர்.

நாய்க்கு வாசித்துக் காட்டுவதை ஒரு முறையான திட்டமாக முதலில் வகுத்தவர்கள் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சோல்ட் லேக் சிற்றியில் இருக்கும் 'இன்டர்மவுண்டன் தெரப்பி அனிமல்ஸ்' என்ற தொண்டு அமைப்பினர். 1999ஆம் ஆண்டு அது. அந்த அமைப்பில் இருந்த சாண்டி மார்ட்டின் ஒரு செவிலியர். நோயாளிகள் நாயைத் தடவிக்கொண்டிருக்கும்போது அவர்களுடைய பதற்றம் தணிவது தெரிந்த விடயமாக இருக்க, வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்கு மட்டும் அது ஏன் உதவாது என்று அவர் எண்ணினார். ஒலிவியா என்ற தன் நாயோடு நகரத்து நூலகத்தில் தொடங்கிய வேலை, விரைவிலேயே பள்ளிக்கூடங்களுக்கும் போய், பின்னர் பல நாடுகளுக்குப் பரவியது. 'வாசி' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லையே சுருக்கப் பெயராக வைத்து, 'ரீட்' என்று அந்தத் திட்டத்தை அழைக்கிறார்கள்.

இனி நான் கண்டதைச் சொல்கிறேன். சென்ற குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் மகளை நூலகத்தில் நடந்த இத்தகைய நேரம் ஒன்றுக்குக் கூட்டிச் சென்றேன். சிறுவர் பகுதியின் மூலையில் ஒரு போர்வை விரித்து, அதில் மோவாய் நரைத்த ஒரு கறுப்பு லாப்ரடோர் நாய் படுத்திருந்தது. பக்கத்தில் அதை வளர்க்கும் அம்மையார் தரையிலேயே அமர்ந்திருந்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் பதினைந்து நிமிடம். என் மகளின் பையில் ஓர் ஆங்கிலப் புத்தகமும் நான் செருகி வைத்த ஒரு தமிழ்க் கதைப்புத்தகமும் இருந்தன. எதை எடுப்பாள் என்று எனக்கு ஐயமே இருக்கவில்லை. ஆனால் அவள் தமிழ்ப் புத்தகத்தை எடுத்தாள். வீடு திரும்பும்போது காரில் வைத்துக் காரணம் கேட்டேன். "அதுக்கு இங்கிலிசும் தெரியாதுதானே அப்பா" என்றாள்.

அந்தச் சொல் எனக்குள் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது. இந்த நாட்டில் எங்கள் பிள்ளை வாய் திறக்கும் ஒவ்வோர் இடத்திலும், கேட்பவருக்கு எந்த மொழி தெரியும் என்பதை முதலில் நிறுத்துப் பார்த்துவிட்டே பேசுகிறது. தோழிக்கு ஆங்கிலம், அம்மம்மாவுக்குத் தமிழ், கடைக்காரருக்கு அவருடைய முகத்தைப் பார்த்து ஏதோவொன்று. எட்டு வயதுப் பிள்ளை ஓயாமல் போட்டுக்கொண்டிருக்கும் இந்தக் கணக்கை நாங்கள் கவனிப்பதில்லை. அந்தக் கணக்கு தேவைப்படாமல் காது கொடுத்துக் கேட்கும் ஒரே உயிர் அன்று அந்தப் போர்வையில் படுத்திருந்தது. அதற்கு ஆங்கிலமும் தமிழும் ஒன்று.

அவள் வாசித்தது ஒரு கொக்கின் கதை. முதற்சொல்லிலேயே இடறினாள். 'கொக்கு' என்ற சொல்லில் ஒற்றைக்கொம்பு முன்னால் நிற்கிறது, ககரம் நடுவில், அரவு (துணைக்கால்) பின்னால். இடமிருந்து வலமாக ஒவ்வோர் எழுத்தாக ஒலித்துப் பழகிய ஆங்கிலப் பள்ளிக்கூடப் பிள்ளைக்கு, முன்னால் எழுதப்பட்டிருப்பதைப் பின்னால் ஒலிக்க வேண்டும் என்பதும், ஓர் எழுத்தின் இருபுறமும் நிற்கும் குறிகள் இரண்டும் சேர்ந்து ஒரே உயிர்தான் என்பதும் எளிதில் கைவருவன அல்ல. "கெ" என்றாள். நிறுத்தினாள். "கெ... ஆ..." என்றாள். என் நாக்கின் நுனிக்கு 'கொ' வந்துவிட்டது. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டேன். நாய் பெருமூச்சு விட்டு, முன்னங்காலில் மோவாயை வைத்தது. அவள் அதன் கழுத்தில் இடக்கையை வைத்தபடி மீண்டும் தொடக்கத்துக்குப் போய், மெல்ல "கொ... கொக்கு" என்று தானே சொல்லி, அடுத்த சொல்லுக்குப் போய்விட்டாள். அதே வரியின் முடிவில் 'நின்றுகொண்டிருந்தது' வந்தது. வகுப்பில் என்றால் அந்தச் சொல்லைக் கண்டதும் தலையைத் தூக்கி ஆசிரியையைப் பார்ப்பாள். அன்று தூக்கவில்லை. 'நின்', 'று', 'கொண்', 'டி', 'ருந்', 'தது' என்று ஆறு துண்டாக உடைத்து, பின்னர் ஒருமுறை முழுச் சொல்லாகச் சேர்த்து வாசித்தாள். சேர்த்து வாசித்ததற்கு யாரும் கைதட்டவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. பதினைந்து நிமிடத்தில் பதினொரு பக்கம் முடித்தாள். அத்தனை பக்கங்களை அவள் ஒரே இருப்பில் தமிழில் வாசித்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

இனி எங்கள் வகுப்பறையை எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டு பிள்ளைகள் வட்டமாக இருக்கிறார்கள். பாடத்தை ஆளுக்கு ஒரு பந்தியாக வாசிக்கிறார்கள். எனக்குப் பக்கத்தில் இருக்கும் பையன் முதற்பிள்ளை தொடங்கியவுடனேயே தலைகளை எண்ணி, பந்திகளை எண்ணி, தனக்கு வரப்போவது எது என்று கண்டுபிடித்து, அதையே உதட்டுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறான். மற்றவர்கள் வாசிக்கும் கதை அவன் காதில் விழுவதில்லை. தன் பந்தி முடிந்ததும் புத்தகத்தைக் குப்புறக் கவிழ்த்து வைக்கிறான். ஒருநாள் கடிகாரம் பிடித்துப் பார்த்தேன். இரண்டரை மணி நேர வகுப்பில், அவன் தன் குரலில் தமிழ் வாசித்த நேரம் நான்கு நிமிடத்தை எட்டவில்லை. அந்த நான்கு நிமிடத்திலும் ஒவ்வொரு லகர ளகர ழகரத்துக்கும் ஒரு திருத்தம், ஒவ்வொரு றகரத்துக்கும் ஒரு திருத்தம். திருத்தியவர்களில் நானும் ஒருவன். திருத்த வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை, ஆசிரியர் திருத்தாவிட்டால் வேறு யார் திருத்துவது? ஆனால் திருத்தப்படாமல் வாசிப்பதற்கு ஓர் இடம்கூட இல்லாத பிள்ளை, வாசிப்பதையே விட்டுவிடுகிறது என்பதை ஆறு ஆண்டுகளில் எத்தனையோ முகங்களில் கண்டுவிட்டேன்.

வீட்டிலும் அந்த இடம் இல்லை. அம்மம்மாவுக்கு முன்னால் புத்தகத்தை விரித்தால், "அப்பிடி இல்லைப் பிள்ளை, நாக்கை மடிச்சுச் சொல்லு" என்று அன்போடுதான் சொல்வார். அந்த அன்பும் பிள்ளைக்குச் சுமையாகவே இறங்குகிறது. இன்னுமொரு சிக்கலும் உண்டு. வீட்டில் 'வருகினம்' என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, புத்தகத்தில் 'வருகிறார்கள்' என்று காண்கிறது. தான் அறிந்த தமிழ் வேறு, அச்சில் இருக்கும் தமிழ் வேறு என்ற மயக்கத்தில், வாய் திறக்கும் முன்பே தான் பிழையாகத்தான் சொல்லப் போகிறோம் என்று முடிவு செய்துவிடுகிறது. இந்த அச்சத்தின் விளைவை எங்கள் கலைவிழா மேடைகளில் காணலாம். ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்த உரையை மனனம் செய்து, கணீரென்று ஒப்பித்து, கேடயம் வாங்கி இறங்கும் பிள்ளையிடம் அதே உரையைத் தமிழ் எழுத்தில் கொடுத்தால் இரண்டாம் வரியில் நின்றுவிடுகிறது. அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது மேடைக்கு வேண்டிய துணிவைப் பெற்றிருக்கிறது. புத்தகத்துக்கு வேண்டிய துணிவை நாங்கள் கொடுக்கவில்லை.

நாயை அழைத்துவரும் தொண்டருக்குத் தமிழ் தெரியாதே, பிள்ளை பிழையாக வாசித்தால் யார் அறிவார் என்று கேட்பீர்கள். இந்தக் கேள்விக்கு விடை தேடியபோதுதான் இந்த முறையின் மிகப் பெரிய நன்மை எனக்குத் தெரிந்தது. இத்தகைய வாசிப்பு நேரங்களில் தொண்டர்கள் ஆசிரியரைப் போல் குறுக்கிடாமல், நாயின் சார்பில் பேசப் பழகியிருக்கிறார்கள். பிள்ளை ஒரு சொல்லைப் பொருள் தெரியாமல் தாண்டிப் போனால், "இவனுக்கு அந்தச் சொல் விளங்கவில்லை போலிருக்கிறது, கொஞ்சம் விளக்குகிறாயா?" என்று நாயைக் காட்டிக் கேட்பார்கள். ஆங்கில வாசிப்பில் இது ஓர் உத்தி மட்டுமே, ஏனென்றால் கேட்பவருக்கு விடை தெரியும், அது பிள்ளைக்கும் தெரியும். தமிழ்ப் புத்தகத்தின் முன்னால் அந்தக் கேள்வி உண்மையான கேள்வி ஆகிவிடுகிறது. அன்று அந்த அம்மையார், படத்தில் இருந்த கொக்கைக் காட்டி, "இது ஏன் ஒரு காலில் நிற்கிறது, உன் புத்தகம் என்ன சொல்கிறது?" என்று கேட்டார். என் மகள் திரும்பவும் அந்த வரிக்குப் போய், உறுமீன் என்ற சொல்லில் விரலை வைத்து, பெரிய மீன் வரும்வரை அது காத்திருக்கிறது என்று ஆங்கிலத்தில் விளக்கினாள். அவர் 'கொக்கு' என்ற சொல்லைத் தாமும் பிழையாகச் சொல்லிப் பார்த்தார். "இல்லை, கொக்-கு" என்று திருத்தியவள் என் மகள். எங்கள் வகுப்புகளில் எந்த நாளும் திருத்தப்படுகிறவளாகவே இருந்த பிள்ளை, தமிழில் ஒருவரைத் திருத்திய முதல் நாள் அது. நான் அந்தத் தமிழ்ப் புத்தகத்தை அவளுடைய பையில் செருகியபோது இதை நினைத்தே பார்க்கவில்லை.

இதற்குச் சான்று உண்டா என்று கேட்பவர்களுக்கு உள்ளதை உள்ளபடியே சொல்ல வேண்டும், கூட்டிச் சொன்னால் நாளை ஏமாற்றம்தான் மிஞ்சும். 1983இல் எரிக்கா பிரீட்மன் என்பவரும் அவருடைய குழுவினரும், 9 முதல் 16 வயது வரையான 38 பிள்ளைகளை வாய்விட்டு வாசிக்கச் செய்து அவர்களுடைய இரத்த அழுத்தத்தை அளந்தார்கள். அறையில் ஒரு நாய் இருந்தபோது அழுத்தம் குறைவாக இருந்தது. நாய் இடையில் கொண்டுவரப்பட்டதைவிட, தொடக்கத்திலேயே அறையில் இருந்தபோது அந்தப் பலன் கூடுதலாக இருந்தது. 2019இல், பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் ஒகனாகன் வளாகத்தையும் எங்கள் மாகாணத்தின் புரொக் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த இரு ஆய்வாளர்கள், முதல் மூன்று வகுப்புகளில் படிக்கும் 17 பிள்ளைகளிடம் அவர்களுடைய நிலைக்குச் சற்றுக் கடினமான பக்கங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். நாய் பக்கத்தில் இருந்தபோது பிள்ளைகள் அதிக நேரம் விடாமல் வாசித்தார்கள். தங்களால் முடியும் என்ற எண்ணமும் அவர்களிடம் கூடியிருந்தது. அதே வேளையில், 2016இல் இத்துறையின் 48 ஆய்வுகளைத் திரட்டி ஆராய்ந்தவர்கள், முடிவுகள் நல்ல பக்கமே சாய்ந்திருந்தாலும் பெரும்பாலான ஆய்வுகளின் தரம் போதாது என்று எழுதினார்கள். அதையும் மறைக்காமல் உங்கள் முன் வைக்கிறேன். நாய்க்கு வாசித்தால் பிள்ளை பரீட்சையில் இத்தனை புள்ளி கூட எடுக்கும் என்று நான் சொல்லவில்லை, சொல்பவரை நம்பவும் வேண்டாம். நான் கேட்பது அதைவிடச் சிறியது. பிள்ளை அஞ்சாமல் வாய்விட்டு வாசிக்கும் நிமிடங்கள் கூட வேண்டும். நான்கு நிமிடம் பதினைந்து நிமிடம் ஆவதற்கு வழி இருக்கிறது என்பதை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

நாய் என்றால் அச்சப்படும் குடும்பங்கள் எங்களிடையே பல உண்டு. அந்த அச்சத்தை அறியாமை என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஊரில் நாய் வளவுக்குள் கிடக்கும், வாசற்படி தாண்டாது. விசர்நாய் கடித்துப் பட்ட பாடுகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். போர்க்காலத்தில், ஒழுங்கையில் நாய் குரைக்கத் தொடங்கினால் யாரோ வருகிறார்கள் என்று விளக்கை அணைத்துவிட்டு மூச்சடக்கிக் கிடந்த இரவுகளை என் அம்மா இன்றும் மறக்கவில்லை. இந்த நகரத்தில் பக்கத்து வீட்டு நாய் இரவில் குரைத்தாலும் அவருக்கு உறக்கம் போய்விடும். அவர் தம் பேர்த்தியை நாயருகே விடத் தயங்கியது நியாயமானது. முதல்நாள் நாங்கள் அவரையும் அழைத்துச் சென்றோம். கதவருகே ஒரு கதிரையில் இருந்தார், நாய்க்குக் கிட்டப் போகவில்லை. இரண்டாம் முறையும் கிட்டப் போகவில்லை. மூன்றாம் முறை போகும்போது கதிரையைத் தாமே இரண்டடி முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, பேர்த்தி வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார். திருத்தவில்லை. இன்றுவரை அவர் அந்த நாயைத் தொட்டதில்லை, தொட வேண்டும் என்று யாரும் அவரைக் கேட்டதும் இல்லை.

நாயின் உமிழ்நீர் படுவதைச் சமய நெறிப்படி தவிர்க்கும் முஸ்லிம் குடும்பங்களும், வேறு காரணங்களால் விரும்பாதவர்களும் இருப்பார்கள். ஒவ்வாமை, இழைப்பு நோய் (ஆஸ்துமா) உள்ள பிள்ளைகளும் இருப்பார்கள். எனவே பெற்றோரின் எழுத்து மூலமான ஒப்புதல் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் சேர்க்கக்கூடாது, சேராத பிள்ளையை மற்றவர்கள் கேலி செய்யவும் விடக்கூடாது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு வேறோர் அறையில் ஒரு பஞ்சுப் பொம்மையும் அதே பதினைந்து நிமிடமும் கொடுங்கள், அங்கும் யாரும் திருத்த வேண்டாம். தூய்மை பற்றியும் சொல்ல வேண்டும். ஒன்ராறியோவில் மூன்று மாதம் கடந்த ஒவ்வொரு நாய்க்கும் விசர்நோய்த் தடுப்பூசி சட்டப்படி கட்டாயம், தெரப்பி நாய்களை அனுப்பும் அமைப்புகள் அதற்கு மேலும் மருத்துவச் சான்று கேட்கின்றன. நாய்க்கெனத் தனிப் போர்வை, வாசித்து முடிந்ததும் கை கழுவுதல், உணவு வைக்கும் அறைக்கு அப்பால் ஓர் இடம். இவ்வளவும் எங்கள் பள்ளிகளால் இயலாதவை அல்ல.

நாயின் நலனையும் மறந்துவிடக்கூடாது. அது பொறுமையாகப் படுத்திருப்பதால் அதற்குக் களைப்பில்லை என்று பொருள் ஆகாது. உறக்கம் இல்லாமலே அடிக்கடி கொட்டாவி விடுவதும், உணவு இல்லாமலே உதட்டை நக்குவதும், முகத்தைத் திருப்பிக்கொள்வதும் 'எனக்குப் போதும்' என்று நாய் சொல்லும் வழிகள். தொண்டர் அதைக் கண்டு எழுந்தால், இன்னும் நான்கு பிள்ளைகள் காத்திருக்கிறார்கள் என்று சொல்லி அவரை மறிக்கக்கூடாது. மற்றவை சிறிய விடயங்கள்: பிள்ளை முதலில் தொண்டரிடம் கேட்டு, கையை நீட்டி மோக்கவிட்டு, பின்னரே தடவ வேண்டும். கழுத்தைக் கட்டிப்பிடிக்கக்கூடாது.

நடைமுறையில் இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. தொண்டர்கள் தங்கள் நேரத்தைத்தான் தருகிறார்கள். ஒரு மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஒரு மணி நேரம், நான்கு பிள்ளைகள் போதும். 1983ஆம் ஆண்டின் ஆய்வு காட்டியதுபோல், பிள்ளைகள் உள்ளே வரும் முன்பே நாய் தன் இடத்தில் படுத்திருக்கட்டும். வகுப்பில் மிகவும் நன்றாக வாசிப்பவர்களை முதலில் அனுப்பும் பழக்கம் எங்களுக்கு உண்டு, இங்கு மட்டும் அதை மாற்றி, பந்தியை எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளைகளை முதலில் அனுப்புங்கள். புத்தகத்தைப் பிள்ளையே தெரிவு செய்யட்டும். பாடநூல் வேண்டாம். ரொறன்ரோ பொது நூலகத்தின் ஸ்காபரோக் கிளைகள் பலவற்றில் தமிழ்ச் சிறுவர் நூல்கள் தட்டுகளில் இருக்கின்றன, அவற்றை எடுப்பார் குறைவு. இந்த ஒரு மணி நேரத்துக்காகவாவது அவை வீட்டுக்கு வரட்டும், வந்த புத்தகத்தைப் பிள்ளை முதல்நாள் இரவு தானாகவே ஒத்திகை பார்க்கும். நாய்க்கு முன்னால் நன்றாக வாசிக்க வேண்டும் என்பதற்காக என் மகள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்துப் பார்த்ததை நான் கேட்டிருக்கிறேன்.

நூலகங்களில் நடக்கும் நேரங்களுக்கு அனுப்புவது இதைவிடவும் எளிது. தமிழ்ப் புத்தகம் கொண்டுவரலாமா என்று நான் கேட்டபோது, எங்கள் கிளையின் நூலகர் வியப்போடு, இதுவரை யாரும் கேட்கவில்லை, தாராளமாகக் கொண்டுவாருங்கள் என்றார். கேட்காமல் இருந்தது நாங்கள்தான்.

இன்னும் ஒன்றை மிகுந்த பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். தயவுசெய்து இதை ஒரு போட்டியாக ஆக்கிவிடாதீர்கள். 'நாய்க்கு வாசித்தல் — கீழ்ப்பிரிவு, மத்தியபிரிவு, மேற்பிரிவு' என்று அடுத்த ஆண்டின் அறிவித்தலில் வந்துவிடுமோ என்று எனக்கு உண்மையாகவே அச்சமாக இருக்கிறது. புள்ளி வேண்டாம், சான்றிதழ் வேண்டாம். பெற்றோர் தொலைபேசியை உயர்த்திப் பிடித்து ஒளிப்பதிவு செய்யவும் வேண்டாம், கமெராவைக் கண்டதும் பிள்ளை மீண்டும் மேடைக் குரலுக்குப் போய்விடும். அந்தப் பதினைந்து நிமிடமும் பெற்றோர் கதவுக்கு வெளியே நிற்பதே நல்லது. ஆசிரியர்கள் பிழைகளைக் குறித்துவைத்து அடுத்த வாரம் வகுப்பில் கேட்கவும் வேண்டாம். மீதி இரண்டேகால் மணி நேரமும் திருத்துவதற்கு எங்களிடம் இருக்கிறது.

என்னிடம் கேள்வி கேட்ட அந்தப் பெரியவருக்கு இப்போது பதில் சொல்கிறேன். ஐயா, தாங்கள் மண்டபம் மண்டபமாக அலைந்து சேர்த்த பிள்ளைகளின் பிள்ளைகள்தான் இன்று எங்கள் வகுப்பில் இருப்பவர்கள். அவர்களில் ஒருத்தி, யாரும் சொல்லாமல், ஆங்கிலப் புத்தகத்தைப் பையிலேயே விட்டுவிட்டுத் தமிழ்ப் புத்தகத்தை எடுத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தாங்களும் வந்து கதவருகே இருந்து கேட்க வேண்டும் என்பதே என் விருப்பம். தங்களை அழைத்துச் செல்ல நானே வருகிறேன்.

இத்திட்டத்தைத் தொடங்க விரும்பும் எந்தப் பள்ளிக்கும் முதல் மூன்று மாதங்களுக்கு உதவியாக வர நான் அணியமாக இருக்கிறேன். தொண்டர் அமைப்புக்கு விண்ணப்பம் எழுதுவது, பெற்றோருக்கான ஒப்புதல் படிவத்தைத் தமிழில் ஆக்குவது, நேர அட்டவணை போடுவது, போர்வையை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தோய்த்து வருவது ஆகிய வேலைகளை நான் ஏற்றுக்கொள்கிறேன். படிவத்தின் தமிழ் வடிவம் ஏற்கெனவே ஆயத்தமாக உள்ளது. புரட்டாதித் தவணைக்கான உங்கள் நிர்வாகக் கூட்ட நிகழ்ச்சி நிரலில் இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கித் தந்தால், நேரில் வந்து உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்வேன்.

மிக்க நன்றி.

இங்ஙனம்,
ஒரு தமிழ்ப் பள்ளிப் பெற்றோர், வாசிப்புத் தொண்டர்
ஸ்காபரோ, ஒன்ராறியோ